அரை மார்க் கோமளம்

பேனாவை மூடுவார். ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்ப்பார். மறுபடியும் பேனாவைத் திறப்பார். விடைத்தாளின் ஓரத்தில் ஓர் அரை மார்க் விழும்.

ஜன்னலுக்கு வெளியே பெரிதாக ஒன்றுமில்லை. பூக்கடையின் பின்பக்கம், ஈரச் சாக்கு, ஒரு தென்னை, அதன் மட்டையில் போன வருஷம் மாட்டிக்கொண்ட ஒரு காத்தாடி. அந்தக் காத்தாடியில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறதோ, அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் கோமளம் டீச்சரின் மனசு இளகியிருக்கும். பேனாவை மூடியபோது 'கிடையாது' என்று முடிவாகியிருந்தது, திறக்கும்போது 'போகட்டும், பாவம்' என்று மாறிவிடும். அந்த அரையை அவர் போடுவதும் ஒரு தினுசான அழகு. நெட்டையாக ஒரு ஒன்று, சாய்வாக ஒரு கோடு, கீழே வால் சுருண்ட ஒரு இரண்டு. சுற்றி ஒரு வட்டம். முழு மார்க்குக்குக்கூட அவர் வட்டம் போட்டது கிடையாது.

மயிலாப்பூர் மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் ஒரு அறக்கட்டளை நடத்தும் ஆறு பள்ளிகளில் ஒன்று இருக்கிறது. கோமளம் டீச்சர் அங்கே ஏழாம் வகுப்புக்குத் தமிழ். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம். சிவப்புப் பேனாவைப் பையில் வைக்க மாட்டார், கொண்டையில் செருகிக்கொள்வார். செருகியதை மறந்துவிட்டு அப்படியே வீட்டுக்கு நடப்பார். பூக்காரம்மா விட மாட்டாள்: "இன்னா டீச்சர், தலைல ஒத்தப் பூவு? அதுவும் பிளாஸ்டிக்கு?" டீச்சர் கொண்டையைத் தடவிப் பார்த்து, "வாடாம இருக்கோல்லியோ" என்றபடி போய்க்கொண்டே இருப்பார்.

அரை மார்க் விஷயத்தில் ஏழாம் வகுப்பு பெரிய ஆராய்ச்சியே செய்து வைத்திருந்தது. பிள்ளையார் சுழிக்கு ஒன்றும் தேறாது. தலைப்புக்கு அடியில் கோடு போட்டால் தேறும். சரியான விடையை எழுதிவிட்டு, பயந்துபோய் அடித்திருந்தால் கண்டிப்பாகத் தேறும். விடை தெரியாவிட்டால் கேள்வியையே அழகாகத் திருப்பி எழுத வேண்டும், அதற்கு ஒரு அரை. இந்த ஆராய்ச்சியின் சிகரம் வாஜித். ஒரு காலாண்டுத் தேர்வில் அவன், 'இதற்கு விடை எனக்குத் தெரியும், ஆனால் இப்போது ஞாபகம் வரவில்லை' என்று எழுதிவைத்தான். பேனா மூடியது, ஜன்னல், பேனா திறந்தது. அரை. பக்கத்தில் பொடி எழுத்தில், 'நேர்மைக்கு.' அன்றைக்கு வகுப்பே வாஜித்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியது. அடுத்த தேர்வில் நாற்பத்தொரு பேரில் பதினெட்டுப் பேருக்கு ஞாபகம் வரவில்லை.

மற்ற ஆசிரியர்கள் சிரித்தால் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. "ஒரு அரை மார்க் குடுத்தா ஆகாசமா இடிஞ்சு விழப்போறது?"

சும்மா சொல்லக்கூடாது, ஆகாசம் ரொம்ப வருஷம் அப்படியேதான் நின்றது.

போன வருஷம் ஜூனில் தி.நகர் தலைமை அலுவலகத்திலிருந்து சாய்சரண் வந்தான். முப்பதுகூட ஆகாத பிள்ளை, மடிக்கணினி, மரியாதையான குரல். இனிமேல் பள்ளிகளை மார்க்கை வைத்து எடைபோடப் போவதில்லை, வளர்ச்சியை வைத்துத்தான் என்றான். ஜூனில் ஒரு பரீட்சை, மார்ச்சில் ஒரு பரீட்சை. ஜூனில் ஒரே மார்க் வாங்கிய ஆறு பள்ளிப் பிள்ளைகளையும் ஒரே கோட்டில் நிறுத்திவைத்து, மார்ச்சுக்குள் யார் எவ்வளவு தூரம் ஓடினார்கள் என்று பார்ப்பார்கள். நன்றாக ஓடிய வகுப்புக்குப் பச்சை, நடுவாந்திரத்துக்கு மஞ்சள், பின்தங்கினால் சிவப்பு.

"எங்க ஆரம்பிச்சோங்கறது முக்கியமில்ல மேம். எவ்வளவு தூரம் வந்தோங்கறதுதான்" என்றான் சாய்சரண்.

ஆசிரியர்கள் எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கைதட்டியது கோமளம் டீச்சர் ஒருவர்தான். தட்டாமல் என்ன செய்வார்? இருபது வருஷமாக ஒவ்வொரு கூட்டத்திலும் அவர் கத்திக்கொண்டிருந்ததே அதுதான். "முப்பத்தெட்டு வாங்கறவன் திரும்பவும் முப்பத்தெட்டு வாங்கினா அதுல நம்ம சமர்த்து என்ன இருக்கு? மூணு வாங்கினது பதினஞ்சு வாங்கறதே, அதைப் பாருங்கோ!" யாரும் பார்த்ததில்லை. இப்போது கணினியே பார்க்கிறேன் என்கிறது. அன்று சாயங்காலம் பூக்காரம்மாவிடம் நிஜமாகவே ஒரு முழம் பூ வாங்கிப் பேனாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

ஜூன் பரீட்சையை அந்தந்த வகுப்பு ஆசிரியர்தான் திருத்த வேண்டும். 'கறாராகத் திருத்தவும்' என்று தாளின் தலையிலேயே அச்சிட்டிருந்தது. கோமளம் டீச்சர் அதைப் படித்தார், தலையாட்டினார், வழக்கம்போலத் திருத்தினார். ஓட்டப்பந்தயத்துக்கு நிற்கும் பிள்ளைகளைப் பாசத்தில் கோட்டுக்கு நாலடி முன்னால் நிறுத்திவைத்தது போல. அவர்கள் முன்னால் நிற்பதாகத்தான் அவருக்குத் தோன்றியது. ஓடவேண்டிய தூரத்தில் அந்த நாலடி கழிந்துபோகும் என்று தோன்றவில்லை. இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்த இன்னொரு கிளைப் பள்ளியில் கெட்டிக்கார ஆசிரியர்கள் இருந்தார்கள். அங்கே ஜூனில் பாதி வகுப்புக்கு முட்டை.

கோமளம் டீச்சர் திருத்திய தாள்களில் அன்புக்கரசியுடையதும் இருந்தது. அடையாற்றங்கரைக் குடிசைகளிலிருந்து வரும் பெண். வாய் ஓயாது, பதில் சொல்வதில் புலி, கையெழுத்தோ கோலம் போட்டது மாதிரி. 'ழ'வுக்கு அவள் போடும் சுழிப்பைப் பார்த்தால் அந்த எழுத்துக்கே கர்வம் வந்துவிடும். நாற்பதுக்கு அவள் வாங்கியது ஏழரை. மீதிக் கேள்விகளையெல்லாம் வரிசையாக, பிசிறில்லாமல் திருப்பி எழுதிவைத்திருந்தாள். எட்டு கேள்வி, எட்டு அரை. கூட்டினால் பதினொன்றரை.

'அரையாக நிற்கிறதே' என்று டீச்சருக்குப் பட்டது. பேனா மூடியது. ஜன்னல். பேனா திறந்தது. பெயரை அழகாக எழுதியதற்கு ஓர் அரை. பன்னிரண்டு.

ஜூன் பரீட்சைக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பன்னிரண்டுக்குக் கீழே வாங்கிய ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாடிப்படிக்கு அடியில் தனி வாசிப்பு வகுப்பு. அதற்கென்றே ஷகீலா டீச்சர் வாரத்தில் மூன்று நாள் வந்தார். பிஸ்கட் உறை, கல்யாண போஸ்டர், பஸ் பலகை என்று கண்ணில் பட்டதையெல்லாம் பாடமாக்கும் ஆள். அன்புக்கரசியின் ஆற்றங்கரைக் கூட்டாளி சேட்டு பதினொன்று வாங்கி உள்ளே போனான். சேட்டுவின் எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். அதற்கு அரை மார்க் போடக் கோமளம் டீச்சருக்கே மனசு வராது. அவனைக் காப்பாற்றியது அந்தக் கிறுக்கல்தான். தீபாவளிக்குள் அவன் பஸ்ஸில் ஏறினால் கடைப் பலகை ஒன்று விடாமல் உரக்கப் படித்துக்கொண்டு வந்தான். நடத்துநர் தாங்க முடியாமல், "டேய், நான் ஸ்டாப்பு பேரு சொல்லணும்டா, கொஞ்சம் வுடுடா நைனா" என்று கும்பிட்டாராம்.

அன்புக்கரசி ஏழாம் வகுப்பில், மூன்றாவது பெஞ்சில், வாஜித்துக்குப் பக்கத்து வரிசையில் இருந்தாள். உரக்கப் படிக்கச் சொன்னால் வாஜித் முதலில், அவள் அடுத்து. அவன் படித்ததை அப்படியே படிப்பாள், அவன் விட்ட தப்பும் ஒன்று குறையாமல். "ரெண்டு பேருக்கும் ஒரே தப்பு எப்படிடி வரும்? காப்பியா?" என்று டீச்சர் அதட்டினார். வகுப்பு சிரித்தது, டீச்சரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பிற்பாடு அவர் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தார்.

மார்ச் பரீட்சையில் எழுதுவதற்கே ஒன்றுமில்லை. கேள்விக்கு நாலு விடை, சரியானதற்கு நேரே இருக்கும் வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும், திருத்துவது இயந்திரம். இயந்திரத்துக்குக் கொண்டையும் கிடையாது, ஜன்னலும் கிடையாது. அன்புக்கரசி அந்த வட்டங்களை மை துளிகூட வெளியே போகாமல் நிரப்பினாள். மூன்று வந்தது.

ஏப்ரலில் சாய்சரண் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான். ஏழாம் வகுப்பு முழுக்க சிவப்பு. அந்தக் கெட்டிக்காரக் கிளைப் பள்ளி வாழைத் தோப்பு மாதிரிப் பச்சைப் பசேலென்று இருந்தது. சிவப்புக் கூட்டத்துக்கும் கீழே, தனியாக, ஒரு புள்ளி.

"இது யாருப்பா?"

"அன்புக்கரசின்னு ஒரு பொண்ணு மேம். ஜூன்ல பன்னண்டு வாங்கின நூத்தி அம்பது பசங்கள்ல இவங்கதான் கடைசி." அவன் தயங்கினான். "ஒரு அரை மார்க் கம்மியா இருந்திருந்தா ஷகீலா மேம் கிளாஸ்ல இருந்திருப்பாங்க."

 அடுத்த பீரியடில் டீச்சர் அன்புக்கரசியை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டு, புத்தகத்தைப் பிரித்து, "படிடி" என்றார். அன்புக்கரசி கணீரென்று படித்தாள். ஒரு பிசகு இல்லை. ஆனால் பக்கத்தை ஒரு வரி தாமதமாகத் திருப்பினாள். டீச்சர் அதைப் பார்த்துவிட்டார். பூச் சுற்றி வந்த செய்தித்தாள் துண்டு மேஜையில் கிடந்தது. அதை எடுத்து நீட்டினார்.

அன்புக்கரசி அதை நேராகப் பிடித்தாள், கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள், வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு மடித்து மேஜைமேல் வைத்தாள்.

"இத்த யாரும் எனக்குப் படிச்சுக் காட்லியே டீச்சர்."

"எழுத்தெல்லாம் இவ்ளோ அழகா எழுதறயேடி?"

"எழுதல டீச்சர். வரையறேன். கேள்வித்தாளோ, வாஜித் தாளோ, பாத்துப் பாத்து வரைவேன். நீங்கதான் மார்க் போடுவீங்களே."

டீச்சர் சாய்சரணுக்குப் போன் போட்டார். நான் திருத்தியது தப்பு, அந்தப் பெண்ணின் மார்க் பதினொன்றரைகூட இல்லை, ஏழரைதான், மாற்றிப் போட்டால் ஷகீலா வகுப்பில் இடம் கிடைக்குமா என்று கேட்டார். சாய்சரணுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. "அது போன வருஷ லிஸ்ட் மேம். இப்போ அவங்க எட்டாவது போறாங்க. எட்டாவதுக்கு அந்தக் கிளாஸ் கிடையாது."

மறுநாள் தலைமை ஆசிரியர் ராஜகோபாலன் அவரைக் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனுஷர். பயந்த சுபாவம், அவ்வளவுதான்.

"கோமளம், உக்காருங்கோ. ஜூன் பேப்பரெல்லாம் நம்ம பீரோவுலதானே இருக்கு. அரையெல்லாத்தையும் அடிச்சுட்டு, மறு திருத்தம்னு ஒரு கையெழுத்துப் போட்டுடுங்கோ. ஆரம்பம் கீழ எறங்கிடும், வளர்ச்சி தானா மேல வந்துடும். நீங்களும் பொழைப்பேள், நானும் பொழைப்பேன்."

"இப்பப்போய் அடிச்சா அது பொய்யில்லையா சார்?"

"போட்டேளே, அது மட்டும் நிஜமா?"

  வழக்கமாக ஜன்னலைத் தேடும் கண், தலைமை ஆசிரியரின் அறையில் ஜன்னல் இல்லாததால், பீரோவில் போய் நின்றது.

"அடிச்சா அந்தப் பொண்ணுக்கு ஏதாவது உண்டான்னு கேட்டுட்டேன் சார். இல்லையாம். அவளுக்கு இல்லாதது எனக்கு எதுக்கு?"

சிவப்பு சிவப்பாகவே இருந்தது. ஜூனிலிருந்து ஏழாம் வகுப்பு அவருக்குக் கிடையாது, நூலகத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று உத்தரவு வந்தது. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. நூலகத்து மேஜையில் மத்தியானங்களில் அன்புக்கரசியை உட்காரவைத்து, 'அ'விலிருந்து ஆரம்பிக்கலாம் என்றுதான் கணக்குப் போட்டு வைத்திருந்தார். பிஸ்கட் உறைகள்கூடச் சேர்த்து வைத்தார். ஷகீலா டீச்சரிடம் கேட்டு, கழுவிக் காயவைத்து, பதினேழு உறை.

மே கடைசியில் அன்புக்கரசியின் அம்மா முனியம்மாள் மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தாள். ஆற்றங்கரையில் வீடுகளை எடுத்துவிட்டார்கள். பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் வீடு.

"லிஃப்டு கீது டீச்சர். ஆனா நின்னுக்கினே கீது" என்று சிரித்தாள். "அங்கயே ஒரு ஸ்கூலு கீதாம். இவ்ளோ தூரம் எங்க பஸ் ஏறி வர்றது, சொல்லு."

அன்புக்கரசி பக்கத்தில் நின்று, சான்றிதழில் தன் கையெழுத்தைப் போட்டாள். எழுத்தர் அதைப் பார்த்து, "பார்றா! அச்சடிச்ச மாதிரி!" என்றார்.

கோமளம் டீச்சர் முனியம்மாளைத் தனியாக நூலகத்துக்கு அழைத்துப்போனார். சொல்லிவிட்டார். சுற்றி வளைக்கவில்லை. உன் பெண்ணுக்குப் படிக்கத் தெரியாது, எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாது என்றார்.

முனியம்மாளின் சிரிப்பு உடனே போகவில்லை, மெதுவாகத்தான் போனது. "இன்னா டீச்சர் சொல்றீங்க? நீங்கதானே பன்னண்டு மார்க் போட்டீங்க? ரேங்க் கார்டுல, 'முத்து முத்தான கையெழுத்து'ன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? சேட்டு படிச்சுக் காட்னான். ஊட்டை இடிக்கச் சொல்ல பாதி சாமானை வுட்டுட்டு ஓடியாந்தேன், அந்தக் கார்டை வுடல. ஜாக்கெட்ல சொருவிக்கினு வந்தேன்." குரல் உடைந்து, மரியாதையும் உடைந்தது. "எனக்குத்தான் படிப்பு இல்ல. நீ படிச்சவதானே? ஒரு வருசமா இன்னா பாத்துக்கினு இருந்த?"

"எழுத்தைப் பார்த்துண்டிருந்தேன்" என்றார் டீச்சர். "பொண்ணைப் பார்க்கல. தப்பு என் மேலதான்."

முனியம்மாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். அன்புக்கரசி வாசலில் ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக நின்று, புத்தக அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பேச்செல்லாம் வேறு யாரைப் பற்றியோ என்பது போல.

டீச்சர் ஒரு முழுத்தாளை எடுத்து, அங்கேயே உட்கார்ந்து எழுதினார். புதுப் பள்ளியில் எட்டாம் வகுப்பை எடுக்கப்போகும், பெயர் தெரியாத யாரோ ஓர் ஆசிரியருக்கு. எழுதி முடித்ததும் தாயும் மகளும் கேட்க உரக்கப் படித்தார். "இந்தப் பெண்ணுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. காது மிகவும் கூர்மை. ஒருமுறை கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லிவிடுவாள். கையெழுத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். நான் ஏமாந்தேன். முதல் நாளே தனியாக உட்காரவைத்து, அவள் கேட்டிராத ஒன்றைப் படிக்கச் சொல்லுங்கள். கெட்டிக்காரி. கற்றுக்கொள்வாள்."

கடிதத்தோடு அந்தப் பதினேழு பிஸ்கட் உறைகளையும் ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தார். முனியம்மாள் உறைகளை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். 

கடிதம் அன்புக்கரசியின் கையில் இருந்தது. அவள் அதை நேராகப் பிடித்துப் பார்த்தாள், கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிக்கொண்டு போய், கடைசியில் டீச்சரின் கையெழுத்தில் நிறுத்தினாள்.

"எழுத்து சோக்கா கீது டீச்சர்" என்றாள். உதட்டோரத்தில் அந்தப் பழைய வாலுத்தனம் எட்டிப் பார்க்க, "இதுக்கு ஒரு அரை மார்க் போட்லாம்."

"சும்மா இருடி, கழுத" என்று முனியம்மாள் அவள் தோளில் ஒன்று வைத்தாள்.

கோமளம் டீச்சர் கொண்டையிலிருந்து சிவப்புப் பேனாவை உருவினார். ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு மூடியைத் திறந்து, பேனாவை அன்புக்கரசியிடம் நீட்டினார்.